நிரல்மொழியின் முகப்பு

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் நாட்டிற்கு வந்த முதல் எண்முறைக் கணிப்பொறி 1955-ஆம் ஆண்டில் இக் கொல்கத்தா மாநகரின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் அமைக்கப்பெற்றது. அப்பொறி அறிந்தது எண்மொழி ஒன்றே. இன்றோ தமிழ்ச் சொற்களாலேயே கணிப்பொறிக்குக் கட்டளை இடலாம். முத்து அண்ணாமலை 2007-இல் தொடங்கிய ‘எழில்’ என்னும் நிரல்மொழி அதற்குச் சான்று. ‘பதிப்பி’ என்றால் பொறி எழுதிக் காட்டும். ஆங்கில வழிவந்த நிரல்மொழிகளில் நிபந்தனைச் சொல் முன்னே நிற்கும். எழிலிலோ நிபந்தனை முன்வர, ‘ஆனால்’ என்பது பின்வரும். இது நம் மொழியின் இயல்பன்றோ!

இத்தகைய மொழியின் இணையதள முகப்பு எவ்வாறு அமைதல் வேண்டும்? அங்கு வருவோர் மூவகையினர்: இஃது யாதென அறியாதவர், கற்க விழைபவர், கற்றபின் ஐயம் தீர்க்க வருபவர்.

முதல்வருக்கு ஒரு வாக்கியம் போதும். ‘எளிமையும் ஆற்றலும் மிக்கது’ என்பதிற் பயனில்லை. எல்லா மொழியாரும் அதனையே கூறுவர். ‘தமிழ் அறிந்த சிறுவர்க்கு நிரலெழுதக் கற்பிக்கும் மொழி’ என்றால் பொருள் விளங்கும். பெருந்தொழிற் பணிக்கு இது கருதப்பட்டதன்று என்பதையும் அங்கேயே கூறிவிடுதல் நேர்மை.

இரண்டாமவருக்கு ஒரு சிறு நிரலும் அதன் விடையும் வேண்டும். 1978-இல் வெளிவந்த ‘சி’ மொழி நூலுக்குப்பின் வாழ்த்துரைக்கும் நிரலைக் காட்டுவது மரபாயிற்று. ஆயினும் வாழ்த்து மட்டும் ஒரு மொழியின் தன்மையைக் காட்டாது. நிபந்தனை அமைந்த நான்கு வரிகளே அதனைக் காட்டும். பைத்தான் மொழியின் முகப்பில் எடுத்துக்காட்டுகளும், அங்கேயே இயக்கிப் பார்க்கும் வசதியும் உள்ளன. அது பின்பற்றத்தக்கது.

மூன்றாமவருக்கு விளக்க நூலுக்கும் பதிவிறக்கத்திற்கும் நேர்வழி வேண்டும். இறுதிப் பதிப்பின் நாளும் குறிக்கப்படல் வேண்டும். அதுவே அம்மொழி பேணப்படுகிறதா என்பதை உணர்த்தும்.

அன்பர்களே, நம் குழந்தைகள் தெருவில் வங்கமும் பள்ளியில் ஆங்கிலமும் பயில்கின்றனர். தமிழை வீட்டில் பேசுகின்றனர், ஆனால் எழுத்துக் கூட்டியே படிக்கின்றனர். தமிழ் நிரல்மொழியின் முகப்பு ஆங்கிலத்திலேயே அமைந்தால், தமிழ் அறிவியலுக்கு ஆகாது என்று அவர்கள் எண்ணுவர். கடுந்தமிழில் அமைந்தாலோ திரும்பிவிடுவர். ஆகவே, குறுவாக்கியங்களாலான எளிய தமிழே முகப்பிற்கு ஏற்றது. நம் சங்கத்தில் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் குழந்தைகளை இதில் அமர்த்துவோமாயின், அவர்கள் தமிழும் வளரும், கணிதமும் வளரும்.

வாழ்க தமிழ்!