"படியில் விழுந்துட்டேன், டாக்டர்"

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உள்ளூர்க் குடும்ப மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



சர்க்கரை, பிரஷர் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். இன்று வீட்டுக்குள் விழுகிற அடியைப் பற்றிப் பேசுகிறேன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்கள் நூறு பேரில் சுமார் 38 பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்தவர்கள். நம் ஊர் மட்டும் தப்பியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அவர்கள் "அடித்தார்" என்று சொல்லி வருவதில்லை. தலைவலி, தூக்கமின்மை, தீராத வயிற்றுவலி என்று வருவார்கள். "படியில் விழுந்துட்டேன்" என்பார்கள். காயம் இருக்கிற இடம் அதற்குப் பொருந்தாது.

டாக்டர் செய்ய வேண்டிய முதல் காரியம், தனியாகப் பேசுவது. உலக சுகாதார நிறுவனம் 2013-இல் தந்த வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது. கணவரோ மாமியாரோ பக்கத்தில் இருக்கும்போது இதைக் கேட்கவே கூடாது. ஆகவே "கொஞ்சம் வெளியே இருங்க" என்று டாக்டர் சொன்னால் தயவுசெய்து கோபப்படாதீர்கள்.

இரண்டாவது, பஞ்சாயத்து பண்ணாமல் இருப்பது. "அவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்லுங்க டாக்டர்" என்று உறவினர்கள் கேட்பார்கள். அந்தப் பெண் சம்மதிக்காமல் நான் அப்படிக் கண்டித்தால், அன்று ராத்திரி அடி வாங்கப் போவது அவர்தான். "பொறுத்துப் போம்மா" என்பதும் டாக்டர் சொல்லக்கூடிய மருந்து அல்ல.

மூன்றாவது, எழுதி வைப்பது. காயம் எங்கே, எவ்வளவு பெரியது, அவர் சொன்னது என்ன என்பதெல்லாம் கிளினிக் பதிவேட்டில் இருக்க வேண்டும். மருந்துச் சீட்டு வீட்டுக்குப் போகும்; அதில் எழுதக் கூடாது.

கழுத்தை நெரித்திருந்தால் வெளியே தடம் இல்லாவிட்டாலும் அது ஆபத்து. தூத்துக்குடி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியே ஆக வேண்டும். கர்ப்பிணியை அடிப்பது, கொன்றுவிடுவதாக மிரட்டுவது, அவரே அரளி விதையைப் பற்றிப் பேசுவது, இவையும் காத்திருக்கக்கூடியவை அல்ல. "இன்று வீட்டுக்குப் போவது உங்களுக்குப் பாதுகாப்பா?" என்று கேட்டாக வேண்டும்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் வந்து, 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கிறது. புகார் கொடுக்கவில்லை என்று சொல்லி எந்த மருத்துவமனையும் சிகிச்சையை மறுக்க முடியாது. பரிசோதனை அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். பாதுகாப்பு அலுவலருக்கு நல்லெண்ணத்தோடு தகவல் சொல்பவர் மீது வழக்கு வராது. இது பக்கத்து வீட்டுக்காரருக்கும் பொருந்தும். மும்பை பாந்த்ரா பாபா மருத்துவமனையில் 2000-இல் 'திலாசா' என்ற ஆலோசனை மையமே தொடங்கினார்கள். நமக்கு 181 இருக்கிறது, 24 மணி நேரமும்.

நம் ஊரில் யார் எந்தக் கிளினிக்கில் எவ்வளவு நேரம் இருந்தார் என்பது சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டுக்குத் தெரிந்துவிடும். அந்தப் பேச்சுக்குப் பயந்தே பலர் வாய் திறப்பதில்லை. அதனால் சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். அந்தப் பேச்சை நாம் பேச வேண்டாம். பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறம் 181 என்ற எண்ணை ஒட்டி வையுங்கள். அங்கேதான் யாரும் பார்க்காமல் படிக்க முடியும்.