ஊராரின் வாக்கும் ஊரின் ஆக்கமும்



1344ஆம் ஆண்டில், மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுனு பத்தூத்தா இலங்கைக்கு வந்தபோது, புத்தளக் கரையிலே இறங்கினார். ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டு அளவளாவினார். ஆற்று வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கடற்கரையிலே குவிந்து கிடந்தமையைக் குறித்து வைத்தார். பின்னர் ஒல்லாந்தர் வந்து, 1667இல் கற்பிட்டியிற் கோட்டை எழுப்பத் தொடங்கினர். இவ்வாறு, இக்கரைக்கு வெளியார் வராத காலம் என்று ஒன்று இருந்ததில்லை. வந்தோர் ஒவ்வொருவரும் இங்கு தமக்கு உகந்த பயன் ஒன்றைக் கண்டனர். ஆனால், இக்கரையிலே வாழ்வோர் தம் ஊரைப் பற்றி என்ன கருதுகின்றனர் என்று கேட்டறிந்தோர் மிகச் சிலரே. அக்கேள்வியையே இன்றைய பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

புத்தளம் மாவட்டத்தை நேரிற் காணாத நேயர்களுக்காக அதன் அமைப்பைச் சிறிது கூறுகின்றேன். ஒரு புறம் பெருங்கடல். மறு புறம் அகன்ற களப்பு. இரண்டுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணற்றரை கற்பிட்டிக் குடாநாடு. அந்த மணலின் கீழே மழைநீர் தேங்கி நன்னீராக நிற்கிறது. அதன் அடியிலோ உப்புநீர். அளவாக இறைத்தால் வெங்காயமும் மிளகாயும் விளையும். அளவு கடந்தால் கிணறு உவர்க்கும். களப்பின் கிழக்குக் கரையிலே புத்தளம் நகரும் உப்பளங்களும் உள்ளன. தமிழ் பேசும் முஸ்லிம்களும், சிங்களமும் தமிழும் ஒருங்கே வழங்கும் கத்தோலிக்கரும், இந்துக்களும், பௌத்தரும் அடுத்தடுத்து வாழும் பூமி இது.

இந்தப் பூமி கடந்த அரை நூற்றாண்டிலே பெரிதும் மாறிவிட்டது. 1970 முதல் பாலாவிக்கு அருகே சீமெந்து ஆலை இயங்கி வருகின்றது. அதற்கு வேண்டிய சுண்ணக்கல் வடக்கே அறுவைக்காட்டில் அகழப்பட்டுப் புகையிரதத்தில் வந்தது. 1980களிலே களப்போரமெங்கும் இறாற் பண்ணைகள் எழுந்தன. 1990 ஒற்றோபரில், வடமாகாணத்து முஸ்லிம்கள், ஏறக்குறைய 75,000 பேர், விடுதலைப் புலிகளால் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் இம்மாவட்டத்தையே தஞ்சமடைந்தனர். நுரைச்சோலையில் அனல்மின் நிலையத்தின் முதற்பிரிவு 2011இல் இயங்கத் தொடங்கிற்று; 2014இல் மூன்று பிரிவுகளும் சேர்ந்து 900 மெகாவாற்று ஆயிற்று. கற்பிட்டியையும் அதனைச் சூழ்ந்த 14 தீவுகளையும் சுற்றுலாத்தலமாக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. இறுதியிலே, கொழும்பு மாநகரின் குப்பையைக் கொணர்ந்து அறுவைக்காட்டிற் புதைக்கும் திட்டமும் வந்து சேர்ந்தது.

இவற்றைப் பற்றி ஊரார் கருதுவது யாது? இக்கரையோரப் பாடசாலைகளிற் பல்லாண்டு பணியாற்றிவரும் எனக்குப் பெற்றோரின் பேச்சைக் கேட்கும் வாய்ப்பு நாடோறும் கிடைக்கின்றது. ஊரார் எல்லோரும் ஒரே குரலிற் பேசுகின்றனர் என்று எண்ணுவது தவறு. கப்பலடிக் கரையிலே, வெளிநாட்டார் பட்டத்தைக் கையிற் பிடித்துப் பலகைமீது நின்று நீரின்மேற் சறுக்கி விளையாடுகின்றனர். அவர்களுக்கு அறை வாடகைக்கு விடும் இளைஞனுக்குச் சுற்றுலா ஒரு வாழ்வழி. அதே கரையிற் கரைவலை இழுப்பவருக்கோ, வேலி ஒன்று எழுந்தால் வலை இழுக்கும் மணற்பரப்பும், வாடி போடும் இடமும், வள்ளம் ஏற்றும் துறையும் போய்விடும். காணி விற்றவருக்கு விலையேற்றம் மகிழ்ச்சி. காணி வாங்கி மகளைக் குடியமர்த்த எண்ணியவருக்கு அதுவே துயரம்.

அனல்மின் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அத்திட்டம் 1990களிற் பேசப்பட்ட நாள் முதலே, தலவில் புனித அன்னம்மாள் திருத்தலத்துக்கு ஊறு நேருமோ என்று கத்தோலிக்க மக்கள் அஞ்சி எதிர்த்தனர். பல ஆண்டுகள் அது தடைப்பட்டிருந்தது. இன்று சோழகக் காற்று வீசும் மாதங்களிலே, குவித்த நிலக்கரியின் தூளும் சாம்பலும் தோட்டப் பயிர்மேற் படிகின்றன என்று அயலிலுள்ள விவசாயிகள் முறையிடுகின்றனர். ஆழ்கடலில் நிற்கும் கப்பல்களிலிருந்து தட்டைப் படகுகளில் நிலக்கரி இறக்கப்படும் காலத்தில், தம் தொழிலுக்கு இடையூறு நேர்கின்றது என்பது மீனவரின் முறைப்பாடு. ஆயினும், அந்நிலையத்திலே வேலை பெற்ற குடும்பங்களும் அதே ஊர்களில் உள்ளன.

குப்பைத் திட்டத்திலேதான் புத்தளம் ஏறக்குறைய ஒருமித்துப் பேசிற்று. 2018ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் புத்தளம் நகரிலே சத்தியாக்கிரகம் தொடங்கி, நூறு நாட்களுக்கு மேலாக நீடித்தது. கடைகள் அடைக்கப்பட்டன, கறுப்புக் கொடிகள் பறந்தன, முஸ்லிம், கத்தோலிக்க, இந்து, பௌத்தத் தலைவர்கள் ஒரே பந்தலில் அமர்ந்தனர். ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தொலைவிலிருந்து நாளொன்றுக்கு 1,200 தொன் குப்பையைப் புகையிரதத்திற் கொணர்வது என்பது திட்டம். 2019 ஓகஸ்டிலே குப்பை லொறிகளில் வரத் தொடங்கிற்று. அதே ஆண்டு ஒற்றோபரில் அவ்விடத்தில் வெடிப்பொன்றும் நிகழ்ந்தது. வில்பத்து வனமும், களப்பும், கலாஓயாவின் கழிமுகமும் அண்மையிலிருக்க, இந்த இடத்தைத் தெரிந்தது ஏன் என்பதே ஊராரின் கேள்வி.

இனி, மறுபக்கத்தையும் நோக்குதல் நீதியாகும். 2017 ஏப்ரில் 14ஆந் திகதி, புத்தாண்டு நாளிலே, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையிற் குப்பைமேடு சரிந்து, 30 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களும் ஏழைகளே, தம் வீட்டருகிலே குப்பை வேண்டாம் என்று பல காலம் முறையிட்டவர்களே. அந்தக் குப்பை எங்காவது போகத்தான் வேண்டும். நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை நுரைச்சோலை தருகின்றது. அந்த மின்சாரத்தில் நம் வீட்டு விளக்கும் எரிகின்றது. "எதுவும் வரட்டும், எம் ஊருக்கு மட்டும் வேண்டாம்" என்று ஒவ்வோர் ஊரும் கூறுமாயின், ஒரு நாடு நடவாது. இந்தக் குற்றச்சாட்டை அதிகாரிகள் அடிக்கடி எடுத்துரைக்கின்றனர். அதில் உண்மை சிறிதும் இல்லையென நான் சொல்லமாட்டேன்.

மேலும், ஊரார் சொல்வதெல்லாம் எப்போதும் சரியாகவே இருக்கும் என்பதற்குமில்லை. இறாற் பண்ணையின் வரலாறே அதற்குச் சான்று. வெளியூர் முதலாளிகள் மட்டுமன்றி, உள்ளூரவர் பலரும் விரைந்த இலாபத்தை நாடிக் குளம் வெட்டினர். கண்டற் காடுகள் அழிந்தன. குளத்துக் கழிவுநீர் வாய்க்காலில் விடப்பட்டது. அதே வாய்க்கால் நீர் அடுத்த குளத்துக்கு ஏற்றப்பட்டது. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபோது, ஒரு பண்ணையில் தோன்றிய நோய் மற்றதற்குத் தாவிற்று. பல குளங்கள் கைவிடப்பட்டன. உப்பேறிய அந்நிலம் பயிருக்கும் உதவாது. கண்டல் மீண்டும் தழைக்கவும் நெடுங்காலம் செல்லும். அன்று களப்பு மீனவர் சிலர் தடுத்துச் சொன்னதை ஊரில் எவரும் செவிமடுக்கவில்லை. ஆகவே, ஊரினுள்ளேயும் உரத்த குரல் ஒன்று, மெலிந்த குரல் ஒன்று என இரண்டு உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

அவ்வாறாயின், ஊராரின் கருத்துக்கு என்ன மதிப்பு? அது தீர்ப்பு அன்று, சாட்சியம் ஆகும். நீதிமன்றிலே ஒரு சாட்சியின் சொல்லை அப்படியே தீர்ப்பாக எழுதுவதில்லை. ஆனால், சாட்சியைக் கேளாமல் எழுதிய தீர்ப்பு தீர்ப்பே அன்று. சோழகத்திற் காற்று எத்திசையிலிருந்து எத்துணை வேகத்தில் அடிக்கும், எந்தக் கிணறு எந்த மாதத்தில் உவர்க்கும், மீன் எந்தத் துறையிற் கூடும் என்பனவெல்லாம் வரைபடத்தில் இல்லை. அவற்றை அறிந்தோர் அங்கே தலைமுறையாக வாழ்வோர். அவர்களைக் கேளாது கட்டப்படும் கட்டடம், அந்த அறிவு இல்லாமலே கட்டப்படுகின்றது.

இதற்குச் சட்டத்தில் இடம் இல்லாமலில்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம், 1988இல் 56ஆம் இலக்கச் சட்டத்தாற் திருத்தப்பட்டபோது, பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயமாயிற்று. அவ்வறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். முப்பது நாட்களுக்குள் எவரும் தம் கருத்தை எழுதி அனுப்பலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் தகவல் அறியும் உரிமையையும் நமக்கு அளித்துள்ளது. கதவு இருக்கின்றது, ஆனால், அக்கதவு எவ்வளவு அகலம், எந்த நேரத்தில் திறக்கின்றது என்பதே கேள்வி.

பல நூறு பக்கங்களில், வல்லுநர் மொழியில் எழுதிய அறிக்கையை, வெங்காயம் கிளறும் மாதத்தில் ஒரு விவசாயி எப்போது படிப்பார்? தீவுகளில் வாடி போட்டுத் தொழில் செய்வோர் பருவத்துக்குப் பருவம் இடம் மாறுவோர். அவர்கள் ஊருக்குத் திரும்பும்போது முப்பது நாள் கழிந்திருக்கும். இன்னுமொன்று: "ஊரார்" என்று எவரைச் சொல்கின்றோம்? காணி உறுதி கையிலுள்ளவரை மட்டுமா? கரைவலை இழுக்கும் மணலுக்கு எவரிடமும் உறுதி இல்லை. 1990இல் ஓலைக் கொட்டிலில் வந்து ஒதுங்கியவர்கள் இங்கேயே பிள்ளைகளைப் பெற்று, படிப்பித்து, பேரப்பிள்ளைகளையும் கண்டுவிட்டனர். போர் 2009இல் முடிந்தபின் சிலர் திரும்பினர். பலர் இங்கேயே நிலைத்தனர். அவர்கள் வந்தபோது இவ்வூர் மக்கள் தம் கிணற்றையும் பாடசாலையையும் பகிர்ந்தளித்தனர். அந்தப் பகிர்வில் மனத்தாங்கல்களும் இருந்தன. இன்று புகை வந்தால் இரு சாராரும் ஒரே காற்றையே சுவாசிக்கின்றனர். அவர்களையும் ஊராராக எண்ணாத கணக்கு நிறைவான கணக்கு ஆகாது.

ஆதலால், நான் பணிவுடன் முன்வைப்பன நான்கு. முதலாவது, ஒவ்வொரு திட்டத்துக்கும் பத்துப் பக்கத்துக்கு மேற்படாத சுருக்கம் ஒன்று எளிய தமிழிலும் சிங்களத்திலும் வேண்டும்; அது பள்ளிவாசலிலும், தேவாலயத்திலும், கோயிலிலும், விகாரையிலும், பாடசாலையிலும் வாசிக்கப்பட வேண்டும். இரண்டாவது, கருத்துக் கேட்கும் காலம் தொழிற்பருவத்தை அறிந்து குறிக்கப்பட வேண்டும். மூன்றாவது, ஊரார் கூறிய ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும், ஏற்றோம் என்றோ, இன்ன காரணத்தால் ஏற்கவில்லை என்றோ எழுத்திலே மறுமொழி தரப்பட வேண்டும். மறுமொழி இல்லாத இடத்திலேதான் வதந்தி முளைக்கின்றது. நான்காவது, கட்டி முடிந்த பின்னும் கேட்பது ஓயலாகாது. காற்றிலுள்ள தூசு எவ்வளவு, கிணற்று நீரின் உப்பு எவ்வளவு என்பன மாதந்தோறும் அளக்கப்பட்டு, கிராம அலுவலர் காரியாலயத்தின் சுவரிலே எல்லோரும் காண எழுதப்பட வேண்டும்.

இந்நான்காவதிலே பாடசாலைகளும் கைகொடுக்கலாம். கிணற்று நீரின் உப்பை அளப்பது ஓர் உயர்வகுப்பு மாணவனால் இயலாத காரியமன்று. ஆண்டுதோறும் மாணவர் அளந்து குறித்து வைப்பாராயின், பத்தாண்டின் பின் ஊரின் கையிலே வெறும் முறைப்பாடு இராது, கணக்கு இருக்கும். கணக்கோடு வருபவரின் சொல்லை எந்த அலுவலகமும் எளிதில் தள்ளிவிட முடியாது. குப்பையைப் பற்றியும் அவ்வாறே. கொழும்பின் குப்பையை வேண்டாம் என்னும் நாம், நம் நகரத்துக் குப்பையைத் தரம் பிரித்துக் களப்போரத்திற் கொட்டாது காப்போமாயின், நம் மறுப்புக்கு இரட்டிப்பு வலிமை உண்டாகும்.

நேயர்களே, ஆக்கம் வேண்டாம் என்று இக்கரையோர மக்கள் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு வேலை வேண்டும், வீதி வேண்டும், விளக்கு வேண்டும் என்பதில் அவர்கள் எவருக்கும் பின்னிற்பவர் அல்லர். ஆணி அடிக்குமுன் எம்மை ஒரு வார்த்தை கேளுங்கள் என்பதே அவர்கள் வேண்டுவது. வீட்டுக்குப் புது அறை கட்டும்போதுகூட மூத்தாரைக் கேட்பது நம் வழக்கம். ஊருக்குப் பெருங்காரியம் செய்வோரும் அவ்வழக்கத்தைக் கைக்கொள்வாராயின், புத்தளக் கரை இனி வரும் மாற்றங்களையும் மனமொப்பித் தாங்கும் என்று நம்புகின்றேன்.