பாட்டுக்குப் பூட்டு



இங்கிலாந்தில் பாட்டு நாடகம் வளர்ந்த விதத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுகிறேன். அது வெறும் வேடிக்கைதானே என்பீர்கள். வெறும் வேடிக்கையானால், ராஜாங்கம் அதற்கு 231 வருஷம் காவல் போட்டிருக்குமா என்று கேட்கிறேன்.

1728ல் ஜான் கே என்பவர் எழுதிய "பிச்சைக்காரன் பாட்டு நாடகம்" லண்டனில் நடந்தது. அதில் வந்தவர்கள் தேவர்களல்ல, அரசர்களல்ல. திருடர்களும் சிறைக் காவலனுமே. பாடியதும் ஜனங்களுக்குத் தெரிந்த மெட்டுகளே. திருடனுக்கும் மந்திரிக்கும் என்ன வித்தியாசம் என்று ஜனங்கள் சிரித்தார்கள். அவர் அடுத்து எழுதியதை மேடை ஏறவிடாமல் தடுத்தார்கள். 1737ல் சட்டமே வந்துவிட்டது. லார்ட் சேம்பர்லின் என்ற அரண்மனை உத்தியோகஸ்தர் படித்துப் பார்த்து உத்தரவு கொடுக்காமல் புது நாடகம் நடத்தக் கூடாது!

ஒழுக்கத்தைக் காக்கவே இந்தக் காவல் என்றார்கள். ஜப்பான் உடையில் இங்கிலாந்து அதிகாரிகளைக் கேலி செய்யும் "மிக்காடோ" 1885 முதல் நடந்து வந்தது. 1907ல் ஜப்பான் இளவரசர் விருந்தாளியாக வருகிறார் என்றதும் அதற்குத் தடை போட்டார்கள். 22 வருஷம் கெடாத ஒழுக்கம், ஒரு இளவரசர் வந்ததும் கெட்டுப் போகுமா?

1968 செப்டம்பர் 26ல் அந்தக் காவல் ஒழிந்தது. மறுநாளே "ஹேர்" லண்டனில் மேடை ஏறிற்று. மேடையில் காட்டவே கூடாதென்று நெடுங்காலம் விலக்கி வைத்திருந்த இயேசுவை, 1972ல் மனிதராகவே பாட வைத்தார்கள். வானம் இடிந்து விழவில்லை.

பிறகு 1983ல் லிவர்ப்பூலில் வில்லி ரஸ்ஸலின் "இரத்த சகோதரர்கள்" வந்தது. வீட்டு வேலை செய்யும் ஏழைத் தாய்க்கு இரட்டைப் பிள்ளைகள். பிள்ளையில்லாத எஜமானி ஒன்றை வாங்கிக்கொண்டு, "இரட்டையர் என்று தெரிந்தால் இருவரும் அன்றே சாவார்கள்" என்று மிரட்டி வைக்கிறாள். ஒருவன் கல்லூரிக்குப் போகிறான். மற்றவன் வேலையிழந்து சிறைக்குப் போகிறான். முடிவில் இருவரும் மாள்கிறார்கள். கொன்றது சகுனமா, பணக்காரன் ஏழை என்ற பேதமா என்று நாடகமே கேட்கிறது.

தோழர்களே! ஒரே வயிற்றில், ஒரே நாளில் பிறந்தவர்களின் தலையெழுத்தை எழுதியது யார்? அந்தக் கேள்வியை ஜனங்கள் பாட்டிலே கேட்டுவிடுவார்களே என்ற பயந்தான் அந்தப் பூட்டைப் போட்டது. ஆகவே, எங்கேனும் பாட்டுக்குப் பூட்டுப் போட்டால், ஒழுக்கம் என்ற பேச்சில் மயங்காதீர்கள். அந்தப் பாட்டால் யாருடைய சுகத்திற்குக் கெடுதி என்று கேளுங்கள்.