பாறை போடும் சோறு



வெயிலே எட்டாத பனிக்கடியில் உயிர் பிழைக்குமா என்பதுதான் இன்றைய பேச்சு. தருமபுரிக்கும் தென்துருவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். நம் ஊர் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு எங்கிருந்து வந்தது? ஆழத்துப் பாறையிலிருந்துதான். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை படிந்ததும் அதனால்தான். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும் அதற்காகத்தான். தண்ணீர் நெடுநாள் பாறையோடு கிடந்தால் பாறை கரைந்து தண்ணீரில் இறங்கும். நமக்குக் கேடு செய்த அதே வேதியியல்தான் தென்துருவப் பனிக்கடியில் சில நுண்ணுயிர்களுக்குச் சோறு போடுகிறது.

அன்டார்க்டிகாவில் பனி கிலோமீட்டர் கணக்கில் கனத்துக் கிடக்கிறது. பூமிக்குள்ளிருந்து வரும் சூட்டை அது வெளியே விடுவதில்லை. அதன் பாரத்தால் உருகுநிலையும் சற்று இறங்குகிறது. ஆகவே அடியில் ஏரிகள் உறையாமல் இருக்கின்றன. 2013 ஜனவரியில் அமெரிக்க ஆய்வாளர்கள் 800 மீட்டர் பனியைத் துளைத்து வில்லன்ஸ் ஏரியைத் தொட்டார்கள். தண்ணீரின் வெப்பநிலை பூச்சியத்துக்கும் கீழே அரை டிகிரி. ஒரு மில்லிலிட்டரில் சுமார் 1,30,000 நுண்ணுயிர்ச் செல்கள்! பனி நகர்ந்து அரைத்த பாறைத்தூளில் உள்ள இரும்பு, கந்தகச் சேர்மங்களும், பழைய கடல் வண்டலின் அம்மோனியமும் அவற்றின் ஆகாரம்.

சரி, அந்தக் குளிரில் செல் விறைத்துப் போகாதா? மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. நிறைவுறாக் கொழுப்பு அதில் மிகுதி. குளிர்நாட்டு பாக்டீரியாவும் தன் செல்சவ்வில் அத்தகைய கொழுப்பைக் கூட்டி இளக்கம் காக்கிறது. இந்தியாவின் மைத்ரி நிலையம் அமைந்த ஷிர்மாக்கர் சோலையின் மண்ணிலிருந்து, ஐதராபாத் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தின் (சி.சி.எம்.பி.) எஸ். சிவாஜி குழுவினர் குளிர் தாங்கும் புதிய பாக்டீரிய இனங்களைப் பிரித்தெடுத்து உலகுக்கு அறிவித்தார்கள்.

மாணவர்களே, கிடைத்த உயிர் ஏரியுடையதுதான் என்று எப்படி நம்புவது என்பதையும் கவனியுங்கள். 2012 பிப்ரவரியில் ரஷ்யர்கள் 3,769 மீட்டர் துளைத்து அன்டார்க்டிகாவின் வோஸ்டாக் ஏரியை எட்டினார்கள். துளை மூடிக்கொள்ளாமலிருக்க ஊற்றியதில் மண்ணெண்ணெய் கலந்திருந்தது. கிடைத்த கிருமி ஏரியுடையதா, எண்ணெயோடு போனதா என்ற சர்ச்சை எழுந்தது. வில்லன்ஸில் வடிகட்டி, புற ஊதா ஒளியில் சுத்திகரித்த வெந்நீரால் துளைத்தார்கள். அதனால்தான் அந்த முடிவுக்கு மதிப்பு.

பூமிக்கு வெளியே, சனிக்கோளின் துணைக்கோள் என்செலடஸிலும் பனிக்கடியில் கடல் உண்டு. அங்கிருந்து பீறிடும் நீராவியில் ஹைட்ரஜன் இருப்பதாக, காசினி விண்கலத் தரவை வைத்து 2017இல் அறிவித்தார்கள். சூடான பாறையோடு தண்ணீர் வினைபுரிவதற்கு அது அடையாளம். உலை ஏறியிருக்கிறது, உண்ண ஆள் உண்டா என்பது தெரியவில்லை. அங்கே உயிரைத் தேடப் போகிறவர்கள் வெளிச்சம் உண்டா என்று முதலில் கேட்க வேண்டியதில்லை. தண்ணீர் பாறையைத் தொடுகிறதா என்று கேட்டுத் தொடங்கலாம்.