மலைவழியும் வரைபடமும்



திருவரங்கத்தில் எந்த மாடியில் ஏறி நின்றாலும் கண்ணுக்குத் தெரிவன கோபுரமும் தென்னந்தோப்பும். தெற்கே திரும்பினால் உச்சிப்பிள்ளையார் குன்று. இரண்டு ஆறுகளுக்கு நடுவே சமவெளியில் வாழும் நமக்கு, மலை என்பது விடுமுறை நாளில் தேடிச் சென்று காண வேண்டிய பொருள். அதற்காக நீலகிரி வரைக்கும் போக வேண்டியதில்லை. வல்வில் ஓரி ஆண்டதாகச் சங்கப் புலவர்கள் பாடிய கொல்லிமலை நமக்கு வடமேற்கே அருகில்தான் இருக்கின்றது. ஒரே நாளில் காரில் சென்று திரும்பலாம். அந்தப் பயணத்துக்கு முதல் நாள் இரவு வீட்டில் உட்கார்ந்து வழியை எப்படி வகுத்துக்கொள்வது என்பதே இன்றைய பேச்சு.

“கைப்பேசியில் ஊர்ப்பெயரைச் சொன்னால் அதுவே வழி சொல்லிவிடுமே, வகுப்பதற்கு என்ன இருக்கின்றது?” என்று கேட்பீர்கள். சொல்லும், பெரும்பாலும் சரியாகவே சொல்லும். ஆனால் அது வழியைச் சொல்லுமேயன்றி நிலத்தைச் சொல்லாது. நிலத்தைச் சொல்வது காகிதப் படம். அதிலும் இந்திய நில அளவைத் துறை வெளியிடும் தலப்படம். திருச்சிராப்பள்ளியும் திருவரங்கமும், பழைய எண்முறைப்படி, 58 ஜே வரிசையின் 9ஆம் தாளில் அடங்கும். கொல்லிமலையைக் காண 58 ஐ வரிசையின் 7, 8ஆம் தாள்களை எடுக்க வேண்டும். புதிய வெளியீடுகளில் எண்முறை மாறியிருக்கின்றது. அவற்றை இன்று துறையின் இணையத் தளத்திலிருந்தே பெற்று அச்சிட்டுக்கொள்ளலாம்.

இந்தத் தாள்களின் அளவை ஒன்றுக்கு 50,000. அதாவது படத்தில் 2 சென்டிமீட்டர் நிலத்தில் ஒரு கிலோமீட்டர். தாளெங்கும் பழுப்பு நிறக் கோடுகள் நெளிந்து நெளிந்து ஓடுவதைப் பார்ப்பீர்கள். அவை சம உயரக் கோடுகள். வானொலியில் படம் காட்ட முடியாது. ஆகவே ஒரு வேலை செய்யுங்கள். இடக்கையை மூடிக் குத்துவிடுங்கள். விரல்முட்டு ஒன்றின் உச்சியைச் சுற்றி மையினால் ஒரு சிறு வட்டம் வரையுங்கள். அதற்குச் சற்றுக் கீழே, ஒரே மட்டத்தில், இன்னொரு வட்டம்; அதற்கும் கீழே இன்னொன்று. இப்பொழுது கையை விரித்து மேலிருந்து பாருங்கள். மேடு மறைந்துவிட்டது, வட்டங்கள் மட்டும் நிற்கின்றன. முட்டு செங்குத்தாக இருந்த பக்கத்தில் கோடுகள் நெருங்கியும், சாய்வாக இருந்த பக்கத்தில் விலகியும் இருக்கும். தலப்படத்தின் மலை இதுதான். அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு இடையே உயர வேறுபாடு 20 மீட்டர்.

இனிக் கொல்லிமலைத் தாளுக்கு வருவோம். கீழ்ச் சமவெளி கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 200 மீட்டர்; மேலே மக்கள் வாழும் மேட்டுநிலம் 1,000 முதல் 1,300 மீட்டர் வரை. ஆக, அடிவாரத்துக்கும் மேட்டுக்கும் இடையே ஐம்பது கோடுகள் வரைக்கும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். மலை சுவர்போல் எழுகின்றது என்பதைத் தாளே சொல்லிவிடுகின்றது. இருபது மீட்டர் ஓடி ஒரு மீட்டர் ஏறும் சாலை என்று வைத்துக்கொண்டால், 1,000 மீட்டர் ஏற 20 கிலோமீட்டர் சாலை வேண்டும். அத்தனை நீளத்தைச் சில கிலோமீட்டர் அகலமே உள்ள சரிவில் எப்படி அடக்குவது? மடித்து மடித்துத்தான். காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதன் காரணம் இதுவே.

இன்னொன்றையும் தாளில் பாருங்கள். துறையூர்ப் பக்கத்துப் புளியஞ்சோலையும், மலைமேல் உள்ள ஆகாய கங்கை அருவியும் அறப்பளீசுவரர் கோயிலும் வெகு அருகில் தோன்றும். விரற்கடையால் அளந்தால், “இந்தப் பக்கமே ஏறிவிடலாமே” என்று ஆசை பிறக்கும். நடுவில் கோடுகள் நெருங்கிக் கிடப்பதைக் கண்டவர் அந்த ஆசையை விட்டுவிடுவர். அங்கே நடந்து ஏறுவோருக்குக் காட்டுவழி உண்டு, காருக்கு வழியில்லை. கார் மலையைச் சுற்றித்தான் வர வேண்டும்.

இப்படிப்பட்ட படம் நமக்குச் சும்மா கிடைத்ததன்று. 1802ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து, முக்கோணம் முக்கோணமாகத் தென்னாட்டை அளக்கத் தொடங்கினார் வில்லியம் லாம்டன். மலைநாட்டில் குன்றுக்குக் குன்று பார்த்து அளக்கலாம். காவிரிச் சமவெளியில் குன்றுக்கு எங்கே போவது? தென்னையும் பனையும் பார்வையை மறைத்தன. ஆகவே கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றும்பொழுது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள கோணமானி கற்சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றித் தம் கையாலேயே செப்பனிட்டு மறுபடியும் வேலைக்குக் கொண்டுவந்தார். நாம் சட்டைப் பைக்குள் மடித்து வைக்கும் தாளுக்குப் பின்னே இத்தகைய உழைப்பு இருக்கின்றது.

காகிதத்தின் குறையையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அச்சிட்ட நாளோடு அதன் அறிவு நின்றுவிடும். நம் ஊரிலேயே சான்று உண்டு. திருவானைக்காவலிலிருந்து ஒன்றாம் எண் சுங்கச்சாவடிக்குச் செல்லும் பழைய கொள்ளிடம் இரும்புப் பாலம் 1928இல் கட்டப்பட்டது. 2016இல் புதுப் பாலம் திறந்தபின் அதில் போக்குவரத்து நின்றது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் ஒரு பகுதி ஆற்றில் சரிந்தது. பழைய படமோ இன்றும் அதனைக் கம்பீரமாகக் காட்டிக்கொண்டிருக்கும். காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க 2022 செப்டம்பரில் மூடி 2023 மார்ச்சில் திறந்தார்கள். அந்த மாதங்களில் சுற்றுவழியைச் சொல்லும் திறன் எந்தத் தாளுக்கு இருந்தது? இத்தகைய செய்திகளில் கைப்பேசியே கைகொடுக்கும்.

அதுவும் எப்பொழுதும் அன்று. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்துப் பரேலி அருகே, வழிகாட்டும் படத்தை நம்பிச் சென்ற கார் ஒன்று, 2022 வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்ட பாலத்தின்மேல் ஏறி, ராமகங்கையில் விழுந்தது, மூவர் உயிரிழந்தனர். அதே ஆண்டு சனவரியில் நம் கூடலூரில் ஒரு வண்டி, விரைவு வழி என்று காட்டப்பட்டதை நம்பிப் போய்ப் படிக்கட்டில் மாட்டிக்கொண்டது, நல்லவேளை, உயிர்ச்சேதமில்லை. எந்தப் படமானாலும், தடுப்புக் கட்டையும் கண்ணும் சொல்வதற்குப் பிறகுதான் அதன் சொல்.

கைப்பேசியைப் பற்றி இரண்டு உண்மைகளைப் பலரும் அறிவதில்லை. நாம் நிற்கும் இடத்தை அது குறைந்தது நான்கு செயற்கைக் கோள்களின் குறிப்புகளைக் கொண்டு கணக்கிடுகின்றது. அதற்குத் தொலைபேசிக் கோபுரம் தேவையில்லை. ஆனால் அந்த இடத்தைக் காட்டும் படம் இணையத்தின் வழியாக வருகின்றது. மலைமடிப்பில் தொடர்பு அறுந்தால், வெற்றுத் திரையில் ஒரு நீலப் புள்ளி மட்டும் நிற்கும். ஆகவே முதல் நாளே மலைப் பகுதிப் படத்தை முழுவதும் இறக்கிச் சேமித்துவிடுங்கள். இரண்டாவது, அது சொல்லும் நேரம். சாலையில் ஏற்கெனவே செல்லும் வண்டிகளின் வேகத்திலிருந்து அந்தக் கணக்குப் பிறக்கின்றது. ஆள் நடமாட்டம் குறைந்த மலைச்சாலைக்கு அக்கணக்கு மெலிந்தது. மேலும், ஆறு பேரையும் ஒரு தூக்குப் புளியோதரையையும் ஏற்றிய பழைய வண்டி முப்பதாவது வளைவில் எத்தனை தரம் நிற்கும், பின்னிருக்கைச் சிறுவனுக்கு எப்பொழுது தலை சுற்றும் என்பதெல்லாம் அதற்கு எப்படித் தெரியும்? மலைப் பகுதிக்கு மட்டும் அது சொல்லும் நேரத்தோடு பாதியைக் கூட்டிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

நேரத்தைப் பற்றிப் பேசும்பொழுது வெயிலையும் எண்ண வேண்டும். காரவள்ளிச் சாலை மலையின் மேற்குச் சரிவில் ஏறுகின்றது. காலையில் அச்சரிவு மலையின் நிழலிலேயே இருக்கும். வளைவுக்கு வளைவு நின்று பார்த்தால் கீழே சேந்தமங்கலத்துச் சமவெளி மட்டும் வெயிலில் ஒளிரும். அழகுக்கும் வசதிக்கும் அதுவே ஏறும் நேரம். மாலையில் இறங்குவோருக்குச் சாயும் சூரியன் கண்ணில் அடிக்கும். ஆகவே வெயில் சாய்வதற்கு முன்பே இறங்கிவிடத் திட்டமிடுங்கள். இதனை எந்த வழிகாட்டியும் வாய்திறந்து சொல்லாது. தாளில் திசையைப் பார்த்தவருக்கே தோன்றும்.

ஆடிப் பதினெட்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அன்று அம்மா மண்டபத்தைக் கடந்து வண்டியை வெளியே எடுப்பதே பாடு. மேலே ஓரி விழாவும் அறப்பளீசுவரர் கோயில் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்சரிவு உண்டா என்று விசாரிக்காமல் புறப்படக்கூடாது. நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ போவதானால், 2024 மே மாதம் நீதிமன்ற ஆணையால் வந்த நுழைவுச் சீட்டு முறை அப்போதைக்கு எப்படி நடக்கின்றது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிக் குறிப்பேட்டை எடுங்கள். தாளையும் திரையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊர்களை வரிசையாக எழுதுங்கள்: கொள்ளிடம் பாலம், ஒன்றாம் எண் சுங்கச்சாவடி, குணசீலம், முசிறி, தொட்டியம், நாமக்கல். இதுவரை ஏறத்தாழ 85 கிலோமீட்டர். பிறகு சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி, வளைவுகள், சோளக்காடு, செம்மேடு. ஈர நூலைச் சாலையின் நெளிவோடு தாளில் ஒட்டவைத்து நீட்டி அளந்தால் தூரம் கிடைக்கும். வளைவுகளை இந்த அளவைப் படம் முழுவதும் காட்டாது என்பதால் மலைப் பகுதிக்குச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கத்தில் முள்ளுக்குறிச்சி வழியாகவும் இறங்கும் சாலை ஒன்றுண்டு. அதனையும் எழுதி வையுங்கள், ஒரு வழி அடைபட்டால் மற்றது உதவும். ஓட்டுபவருக்கு இரண்டே சொற்கள்: குறுகிய மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கே முதலிடம் என்பது சட்டம், இறங்கும்பொழுது தடையை மட்டும் நம்பாமல், எந்தக் கியரில் ஏறினாரோ அதிலேயே இறங்கட்டும்.

படம் பார்க்கும் பொறுப்பை ஓட்டுபவரிடம் கொடுக்காதீர்கள். முன்னிருக்கையில் உங்களில் ஒருவர் தாளை மடியில் விரித்து உட்காருங்கள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கின்றது, எண்ணிக்கொண்டே ஏறலாம். எண்ணெயை நாமக்கல்லிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். திருவரங்கத்திலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால் போதும்.