இசையும் மயக்கமும்



கஞ்சா புகைத்தபின் இசை கேட்டால் ஒவ்வொரு சுரமும் தனித்துத் துலங்கும் என்றும், அதுவரை கேளாத நுட்பங்களெல்லாம் கேட்கும் என்றும் இளைஞரிடையே ஒரு பேச்சு உண்டு. அதனை நம்பியே அப்பழக்கத்தைத் தொடுவோரும் உளர். ஆதலின் அப்பேச்சின் மெய்ம்மையை ஆராய்ந்தறிதல் நம் கடமை.

கஞ்சாவில் மயக்கம் தரும் பொருள் டி.எச்.சி. என்பது. 1964ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டு அறிஞர்களான ரஃபேல் மெக்கூலமும் யெகியேல் கவோனியும் அதனைப் பிரித்தெடுத்து, அதன் அமைப்பை விளக்கினர். அது மூளையிலுள்ள சில ஏற்பிகளைப் பற்றிக்கொண்டு செயற்படுகிறது. அவ்வேற்பிகளோ கஞ்சாவுக்காக அமைந்தவை அல்ல. மூளை தானே ஆக்கிக்கொள்ளும் பொருள்களுக்காக அமைந்தவை. 1992இல் அத்தகைய ஒன்றைக் கண்டறிந்தோர், ஆனந்தம் என்னும் வடசொல்லைக் கொண்டே அதற்கு ‘ஆனந்தமைடு’ எனப் பெயர் சூட்டினர்.

கஞ்சாவின் மயக்கத்தில் காலவுணர்வு பிறழ்கிறது. சில நொடிகளே நெடும்பொழுதாகத் தோன்றுகின்றன. இசை விரிந்து ஒலிப்பதாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். அங்ஙனமாயின் அது செவி பெற்ற கூர்மை அன்று. அளவுகோலில் நேர்ந்த பிழையே.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர் 2018இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்குக் கருதத்தக்கது. கஞ்சாப் பழக்கமுடைய 16 பேர் இசை கேட்கையில் அவர்தம் மூளை படமெடுக்கப்பட்டது. டி.எச்.சி. மிகுந்த கஞ்சாவை உட்கொண்டபோது, ஒலியை உணரும் பகுதியிலும், உணர்ச்சிக்கும் மகிழ்ச்சிக்கும் உரிய பகுதிகளிலும், இசைக்கு எழும் கிளர்ச்சி குறைந்தே காணப்பட்டது. கன்னாபிடையால் என்னும் மற்றொரு பொருளும் கலந்த கஞ்சாவில் இக்குறைவு தோன்றவில்லை. எனினும் தெளிந்த நிலையைக் காட்டிலும் மேலான கிளர்ச்சியும் அப்பகுதிகளில் காணப்படவில்லை. ஆய்வு சிறிதேயாயினும் அது காட்டும் திசை சிந்திக்கத்தக்கது.

2011இல் கனடாவின் மான்ட்ரியல் நகர ஆய்வாளர் மற்றோர் உண்மையை வெளிப்படுத்தினர். உள்ளம் உருக்கும் இசையைக் கேட்டு மெய்சிலிர்க்கும் கணத்தில், மூளையில் டோபமின் என்னும் பொருள் தானே சுரக்கிறது. அதற்குப் புகையும் வேண்டா, மயக்கமும் வேண்டா.

பெற்றோர்களே, இளைஞரை அதட்டுதலால் மட்டும் பயன் விளையாது. மயங்கியவன் தன் கேள்வியைத் தானே அளக்க இயலாது என்பதை அவர்க்கு எடுத்துரையுங்கள். இல்லத்தில் இசைப் பயிற்சிக்கு இடமளியுங்கள். சுரத்தின் நுட்பம் பயிற்சியால் வசப்படுவது. தெளிந்த உள்ளத்திலேயே அது நிலைபெறுவது.