காட்டு சீன் பிழைத்த ஊர்

இன்றைக்கு இங்கிலாந்தின் வடக்கே, யார்க்ஷயரில் இருக்கும் ரிச்மண்ட் போவோம். லண்டன் பக்கத்து ரிச்மண்ட் இல்லை, இது வேறு. போய்வந்தவர்கள் கோட்டையைப் பற்றி நிறையச் சொல்லியிருப்பார்கள், அதை விட்டுவிடுவோம். சந்தைத் திடலிலிருந்து ஃப்ரையர்ஸ் வைண்ட் என்று ஒரு குறுகிய சந்து பழைய மதில் வாசல் வழியாகப் போகும். அதன் கோடியில் ஒரு கல் கட்டடம். தானியக் கிடங்கு என்று கடந்துபோய்விடுவீர்கள். நில்லுங்கள். சாமுவேல் பட்லர் என்ற நடிகர் 1788-இல் கட்டிய நாடகக் கொட்டகை அது.

பட்லர் ஒரு நாடகக் கம்பெனி நடத்தியவர். ஹாரகேட், பெவர்லி, கெண்டல் என்று ஊர் ஊராக நடிகர்களோடு சுற்றி வந்தவர். கூட்டம் குறைந்து 1848-இல் கொட்டகையை மூடினார்கள். பிறகு அது ஏலக்கடை ஆனது. மேடைக்கு முன்னால் ஜனங்கள் உட்கார்ந்த பள்ளத்தில் ஒயின் வைக்க நிலவறை கட்டினார்கள். ஏதோ ஒரு வேலைக்கு உதவியதால் யாரும் இடிக்கவில்லை! 1963-இல் மறுபடி நாடகம் தொடங்கியது. மாடியில் மலிவு டிக்கெட்காரர்கள் காலால் உதைத்துச் சத்தம் போட்ட பலகைகளை இன்றும் பார்க்கலாம்.

ஆனால் என் மனம் நின்றது ஒரு காட்டு சீனில். பச்சை மரங்கள் தீட்டிய பின்படுதா, பக்கத் தட்டிகள் எல்லாம் சேர்ந்த ஒரு செட். 1818-க்கும் 1836-க்கும் இடையில் வரைந்தது. பிரிட்டனில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய நாடக சீன் இதுதான். தட்டிகளைத் திருப்பினால் காடு போய், நீல நிற வரவேற்பறை வந்துவிடும். எவ்வளவு சிக்கனம் பாருங்கள்!

நம் கம்பெனிகளிலும் தர்பார் சீன், தெரு சீன், காட்டு சீன் என்று சுருட்டி வண்டியில் ஏற்றிப் போவார்களே, ஞாபகம் இருக்கிறதா? வள்ளி தினைப்புனம் காத்ததும், நல்லதங்காள் பிள்ளைகளோடு அலைந்ததும் ஒரே காட்டில்தான். அந்தப் படுதாக்கள் வந்த வழி இதுவே. பிரிட்டிஷ் மேடையைப் பார்த்து பம்பாய் பார்சி கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. அவர்கள் தெற்கே வந்து ஆடியபோது நம்மவர்கள் பார்த்து வாங்கிக்கொண்டார்கள். அப்படியானால் ரிச்மண்ட் காடு நம் காட்டுக்குப் பாட்டி முறை.

பாட்டியைக் கண்ணாரப் பார்த்துவிட்டேன். பேத்திகள் எங்கே? வெயிலிலும் மழையிலும் நைந்து, கிழிந்து, பந்தல் துணியாகப் போனவை எத்தனையோ. நேயர்களே, உங்கள் தாத்தா கம்பெனியில் இருந்தவர் என்றால், பரணில் சுருட்டி வைத்த பழைய படுதா ஏதாவது இருந்தால், தயவுசெய்து பழைய துணிக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். வானொலி நிலையத்துக்கு ஒரு கார்டு எழுதுங்கள். நானே நேரில் வந்து பார்க்கிறேன்.